சேதமடைந்த முடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடியலங்கார நிலையத்தில் வேலை செய்பவர்களிடம் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. ஓரிடத்தில் விளக்கியதை இன்னோர் இடத்தில் மறுபடி எழுதாமல் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். வேறு எதைத் தாண்டிப் போனாலும் 2ஆம் பதிலைப் படித்துவிடுங்கள். மற்ற பதில்களில் பாதி அதைச் சார்ந்தே நிற்கின்றன.

1. என் முடி கெட்டுப்போயிருக்கிறதா, இல்லை இயல்பே இப்படித்தானா?

வேரருகே உள்ள நான்கு விரற்கடை முடியையும் நுனிப் பகுதியையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அதுதான் உங்கள் முடியின் இயல்பு. வேரருகே மென்மையாகவும் நுனியில் சொரசொரப்பாகவும் இருந்தால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. சுருள் முடியில் வளைவுகள் அதிகம் என்பதால் ஒளி ஒரே திசையில் திரும்புவதில்லை. அது பளபளப்புக் குறைந்து தோன்றுவதைச் சேதம் என்று எண்ணிவிட வேண்டாம்.

சீப்பில் வந்த ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நுனி இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்திருக்கலாம். சில முடிகளில் தண்டின் நடுவே, விரலால் தள்ளினாலும் நகராத ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்த இடத்தில் லேசாக வளைத்தாலே முடி முறிந்துவிடும். முறிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், இரண்டு தூரிகைகளை எதிரெதிரே குத்திப் பிரித்தெடுத்ததுபோல் இழைகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

2. கெட்டுப்போன முடியைப் பழையபடி ஆக்க முடியுமா, முடியாதா? நேராகச் சொல்லுங்கள்.

முடியாது. முடியின் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்காலோடு முடிந்துவிடுகிறது. வெளியே தெரிகிற தண்டு முழுவதும் உயிரற்ற செல்களால் ஆனது. காயம் ஆறுவதற்கு உயிருள்ள செல்களும் இரத்த ஓட்டமும் வேண்டும். தண்டில் இரண்டும் இல்லை. ஆகவே அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. வெளியிலிருந்து யாரும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் இயலாது.

தண்டின் உள்ளே கெரட்டின் என்ற புரத இழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முடியின் வலிமை அவற்றில்தான் இருக்கிறது. அவற்றைச் சுற்றி, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்தபடி ஐந்து முதல் பத்து அடுக்குச் செதில்கள் கவசமாகப் படிந்திருக்கின்றன. செதில்களின் மேல், வேதிப் பிணைப்பால் ஒட்டிய மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. புதிய முடி வழவழப்பாக இருப்பதும் தண்ணீரை எளிதில் உறிஞ்சாமல் இருப்பதும் அதனால்தான். சேதம் என்பது பெரும்பாலும் இந்த வரிசையிலேயே நிகழ்கிறது: முதலில் கொழுப்புப் படலம் போகும், பிறகு செதில்கள் தூக்கிக்கொண்டு உதிரும், கடைசியில் உள்ளே உள்ள இழைகள் வெளிப்பட்டுப் பிளக்கும்.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. அப்படியென்றால் 60 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து ஆண்டுகளின் கழுவலையும் சீவலையும் வெயிலையும் தாங்கிய பகுதி அது. கடையில் 'ரிப்பேர்' என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் மேற்பரப்பைப் பூசி, விரிசலைத் தற்காலிகமாக நிரப்பி, உராய்வைக் குறைக்கின்றன. அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். உராய்வு குறைந்தால் முடி உடைவது உண்மையிலேயே குறைகிறது. ஆனால் அது பராமரிப்பே தவிர மருத்துவம் அல்ல.

3. தினமும் கையோடு முடி வருகிறது. கொட்டுகிறதா, உடைகிறதா?

வந்த முடியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளை நிறத்தில் சிறு குமிழ் இருந்தால் அது தன் காலம் முடிந்து உதிர்ந்த முடி. அந்தக் குமிழைப் பார்த்து, வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். மயிர்க்கால் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, அதிலிருந்து அடுத்த முடி வளரும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை இப்படி உதிர்வது இயல்பு. தலைக்குக் குளிக்கும் நாளில் அதிகமாகத் தெரியும், காரணம் முந்தைய நாள்களில் உதிர்ந்து சிக்கிக்கொண்டிருந்ததும் சேர்ந்து வருகிறது.

குமிழ் இல்லாமல், வெவ்வேறு நீளங்களில் துண்டு துண்டாக வந்தால் அது உடைந்த முடி. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் அதற்குத்தான். கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் குமிழோடு கொத்துக் கொத்தாக உதிர்வது வேறு சங்கதி. அதற்கு எந்தக் கண்டிஷனரும் மருந்தல்ல.

4. நுனி பிளந்தால் வெட்டியே ஆக வேண்டுமா? வெட்டினால் வேகமாக வளரும் என்பது உண்மையா?

பிளவை ஒட்டவைப்பதாகச் சொல்லும் சீரம்கள் உண்மையிலேயே ஒட்டவைக்கின்றன, அடுத்த முறை தலைக்குக் குளிக்கும் வரை. வெட்டாமல் விட்டால் பிளவு மேல்நோக்கி ஏறும். இன்று ஒரு செ.மீ. இழக்கத் தயங்குபவர் பிறகு நான்கு செ.மீ. இழக்க நேரிடும். பிளவுக்குச் சற்று மேலே, முடி வெட்டுவதற்கென்றே வைத்திருக்கும் கூரான கத்தரியால் வெட்ட வேண்டும். காகிதம் வெட்டும் மழுங்கிய கத்தரி முடியை நசுக்கி, புதிய பிளவுக்கு அதுவே வழி செய்துவிடும்.

வெட்டுவதால் வளர்ச்சி வேகம் கூடாது. வளர்வது தோலுக்குள், நுனியில் என்ன நடக்கிறது என்பது மயிர்க்காலுக்குத் தெரியாது. நுனி உடையாமல் இருப்பதால் நீளம் தங்குகிறது, அதைத்தான் வேகமாக வளர்ந்ததாக நினைக்கிறோம்.

5. தினமும் ஷாம்பூ போட்டால் முடி பாழாகிவிடுமா?

ஷாம்பூ என்ற பொருளைவிட, அதைப் போடும் விதம்தான் அதிகம் கெடுக்கிறது என்பது என் கணிப்பு. நீளமான முடியை உச்சந்தலையில் குவித்து வைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்கினால், நனைந்து ஊதிய செதில்கள் ஒன்றோடொன்று உரசிப் பெயரும். அழுக்கும் எண்ணெய்ப் பசையும் இருப்பது தலைத்தோலில். அங்கே மட்டும் விரல் நுனிகளால் தேய்த்துவிட்டு, வழிந்து இறங்கும் நுரையை நுனி வரை ஓடவிட்டால் நுனிக்கு அதுவே போதும்.

எண்ணெய் வழியும் தலைத்தோல் உள்ளவர்கள் தினமும் கழுவலாம். வறண்ட, சுருண்ட முடி உள்ளவர்களுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு முறை போதும். சல்பேட் (ஷாம்பூவில் அழுக்கை நீக்கி நுரை தரும் பொருள்) என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் புட்டியைத் திருப்பி வைத்துவிட வேண்டியதில்லை. எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள், உடன் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் கடுமை அமையும். சாயமேற்றிய முடிக்கு மட்டும் மென்மையான ஷாம்பூவைத் தேடிப் பிடிப்பது நல்லது.

6. கண்டிஷனர் அவசியமா? அதிலுள்ள சிலிகான் முடியை மூச்சுத் திணறவைக்கிறதாமே?

முடி மூச்சு விடுவதில்லை. 2ஆம் பதிலைப் பாருங்கள். சிலிகான் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. மெல்லிய முடியில் அது சேர்ந்துகொண்டே போனால் முடி கனத்துப் படிந்துவிடும். நன்றாக ஒருமுறை ஷாம்பூ போட்டால் பெரும்பகுதி போய்விடும்.

சேதமடைந்த முடிக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் கண்டிஷனரைத்தான் சொல்வேன். சேதமடைந்த இடங்களில் எதிர்மின்னேற்றம் அதிகம். கண்டிஷனரின் முக்கிய மூலக்கூறுகள் நேர்மின்னேற்றம் உள்ளவை. ஆகவே எங்கே சேதம் அதிகமோ அங்கே அவை அதிகமாக ஒட்டிக்கொள்கின்றன. காது மட்டத்துக்குக் கீழே, நுனிவரை பூசி, சில நிமிடங்கள் விட்டுக் கழுவுங்கள். தலைத்தோலில் பூச வேண்டியதில்லை.

7. எண்ணெய் உண்மையிலேயே முடிக்குள் இறங்குமா?

எல்லா எண்ணெயும் இறங்காது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தலைக்குக் குளிப்பதற்கு முன் பூசினாலும் பின் பூசினாலும் அதற்கு அந்தப் பலன் இருந்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, கிளைகளில்லாத நேர்க்கோட்டு வடிவமுடையது என்பதால் தண்டுக்குள் நுழைய முடிகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினர்.

இதில் ஊட்டம் என்று எதுவும் இல்லை. உள்ளே போன எண்ணெய், தண்டு தண்ணீரைக் குடித்து ஊதுவதைக் குறைக்கிறது. அதனால் குளிப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன், முக்கியமாக நுனிப் பாதியில் பூசுவது பயனுள்ள வழக்கம். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயைத் தேக்கி வைக்க வேண்டாம்; பொடுகோடு தொடர்புடைய பூஞ்சைக்கு அந்தக் கொழுப்பே உணவு.

8. ஈரத் தலையைச் சீவக் கூடாது என்கிறார்கள். சீவாவிட்டால் சிக்கு விழுகிறதே?

தண்ணீர் பட்டதும் கெரட்டின் இழைகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்துவிடுகின்றன. அதனால் ஈர முடி எளிதாக நீள்கிறது. தன் நீளத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை இழுபட்டால் மீண்டுவிடும். அதற்கு மேல் போனால் மீளாது. மெல்லிய பற்களுள்ள சீப்பு சிக்கில் மாட்டும்போது ஒவ்வொரு முடிக்கும் நேர்வது இந்த இழுவைதான்.

நேரான முடி உள்ளவர்கள் பாதி காய்ந்த பிறகு சீவினால் போதும். சுருள் முடிக்கு இது பொருந்தாது: காய்ந்த பிறகு சீவினால்தான் அதிகம் உடையும். கண்டிஷனர் வழவழப்பாக இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், முதலில் நுனிச் சிக்கை எடுத்து, பிறகு சற்று மேலே, அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போங்கள். துண்டால் தலையைப் பரபரவென்று தேய்ப்பதை விட்டு, ஒற்றி எடுங்கள். நாளொன்றுக்கு நூறு முறை சீவினால் முடி செழிக்கும் என்ற பழைய அறிவுரையை மறந்துவிடலாம்.

9. ஹேர் டிரையரைத் தொடாமல் தானாகக் காயவிடுவதுதானே பாதுகாப்பு?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 2011இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், முடிக் கற்றைகளைத் தானாகக் காயவிட்டும், வெவ்வேறு தூரங்களில் டிரையரைப் பிடித்தும், முப்பது முறை கழுவிக் காயவைத்துப் பார்த்தனர். டிரையரை நெருக்கிப் பிடித்தபோது செதில்களுக்குச் சேதம் கூடியது, இது எதிர்பார்த்ததுதான். ஆனால் தானாகக் காய்ந்த முடியில், செல்களை ஒட்டிவைக்கும் உள் அடுக்கு பாதிக்கப்பட்டிருந்தது; முடி நீண்ட நேரம் ஈரத்தில் ஊறிக் கிடந்ததே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

அவர்கள் பரிந்துரைத்தது: 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காயவைப்பது. கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை உள்ள தூரத்துக்குச் சற்றுக் குறைவு. அடர்ந்த, நீண்ட முடி உள்ளவர்கள், மணிக்கணக்கில் ஈரத்தோடு இருப்பதைவிட இப்படிப் பாதி காயவைத்துவிட்டு மீதியைத் தானாகக் காயவிடுவது மேல்.

10. ஸ்ட்ரெயிட்னரை எத்தனை டிகிரியில் வைக்கலாம்?

முதல் நிபந்தனை வெப்பநிலை அல்ல. முடி முழுக்கக் காய்ந்திருப்பது. ஸ்ட்ரெயிட்னரை வைத்ததும் 'சுர்' என்று சத்தம் வந்து ஆவி கிளம்பினால், தண்டுக்குள் இருக்கும் தண்ணீர் கொதிக்கிறது என்று பொருள். அந்த ஆவி வெளியேற வழியின்றித் தண்டுக்குள் குமிழிகளை உண்டாக்குகிறது. குமிழி உள்ள இடத்தில் முடி உடைகிறது. ஈர முடியில் 125 டிகிரி செல்சியஸில் சுருட்டுங்கருவியை ஒரு நிமிடம் பிடித்தாலே இது நேரும்.

காய்ந்த முடிக்கு, மெல்லியதும் பிளீச் செய்ததுமானால் 150 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். மற்றவர்கள் 180க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. 200 டிகிரியைத் தாண்டும்போது கெரட்டினின் அமைப்பே சிதையத் தொடங்குகிறது. வெப்பக் காப்புத் திரவம் பாதிப்பைக் குறைக்கும், நீக்காது. தடித்த கற்றையில் ஐந்து முறை இழுப்பதைவிட, மெல்லிய கற்றையில் ஒரே சீராக ஒருமுறை இழுப்பது முடிக்கு நல்லது.

11. கலர் செய்வதும் பிளீச் செய்வதும் ஒரே அளவு கெடுதலா?

இல்லை. கழுவக் கழுவ மங்கும் தற்காலிகச் சாயம் மேற்பரப்பில் தங்குகிறது. அதனால் பெரிய சேதம் இல்லை. நிரந்தரச் சாயத்தில் அம்மோனியா போன்ற காரப்பொருள் செதில்களைத் திறக்க, ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் இயற்கை நிறத்தைக் குறைத்துச் சாயத்தை உருவாக்குகிறது. பிளீச்சில் பெராக்சைடோடு பெர்சல்பேட் உப்புகளும் சேர்கின்றன. அவை நிறமியோடு நிற்பதில்லை. கெரட்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் டைசல்பைடு பிணைப்புகளையும் உடைக்கின்றன, 2ஆம் பதிலில் சொன்ன கொழுப்புப் படலத்தையும் களைந்துவிடுகின்றன. ஆகவே இருக்கும் நிறத்தைவிட அடர்ந்த நிறத்துக்குப் போவது குறைந்த சேதம். எத்தனை படி வெளுக்கிறோமோ அத்தனை சேதம்.

நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் உள்ள பிபிடி என்ற பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் போடுங்கள். முன்பு பலமுறை போட்டிருந்தாலும் ஒவ்வாமை திடீரென்று தொடங்கலாம்.

12. ஒரே நாளில் ஸ்ட்ரெயிட்னிங்கையும் பிளீச்சையும் முடித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இரண்டும் அதே டைசல்பைடு பிணைப்புகளைத்தான் தாக்குகின்றன. இடையில் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். ஏற்கெனவே மெலிந்த முடியென்றால் இரண்டில் ஒன்றைக் கைவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. நிரந்தரமாக நேராக்கும் இரசாயனங்களில் தயோகிளைகோலேட் வகை ஒன்று, ஹைட்ராக்சைடு வகை மற்றொன்று. ஒன்று போட்ட முடியின் மேல் மற்றதைப் போட்டால் முடி கையோடு வந்துவிடலாம். வெளுத்த முடியில் ஹைட்ராக்சைடு வகையும் அப்படியே. ஆகவே புதிய இடத்துக்குப் போகும்போது, முன்பு எந்த வகை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைவான ஓரிடத்தில் ஒரு கற்றையில் மட்டும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

13. பிளீச் செய்த முடி ஈரத்தில் ரப்பர்போல் இழுபடுகிறது. இப்போது என்ன செய்வது?

கெரட்டினைப் பிடித்திருந்த பிணைப்புகளில் பெரும்பகுதி போய்விட்டதற்கான அடையாளம் அது. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பாமல் தொய்ந்து நிற்கும் பகுதியைக் காப்பாற்றுவது கடினம். எங்கிருந்து அந்தத் தொய்வு தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு மேலே வெட்டிவிடுவது நேர்மையான யோசனை. மனம் வராதவர்கள் படிப்படியாக வெட்டிக்கொண்டு வரலாம். மாதம் 1 செ.மீ. வளர்ச்சி என்ற கணக்கில், 12 செ.மீ. மாற்றுவதற்கு ஓராண்டு ஆகும்.

அதுவரை வெப்பக் கருவியும் எந்த இரசாயனச் சிகிச்சையும் வேண்டாம். ஈரத்தில் இறுக்கிக் கட்ட வேண்டாம். உடைக்கப்பட்ட சிறு புரதத் துண்டுகள் சேர்ந்த கண்டிஷனர் சில வாரங்களுக்குச் சற்று இறுக்கம் தரும். ஆனால் அதை ஒவ்வொரு குளியலிலும் போட்டால் முடி விறைத்து, வேறுவிதமாக உடையத் தொடங்கும். சாதாரணக் கண்டிஷனரோடு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

14. பிணைப்புகளையே சரிசெய்யும் புதிய பொருள்கள் வந்திருக்கின்றனவே, அவையும் வெறும் பூச்சுதானா?

அவற்றை வெறும் பூச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. டைமாலியேட் வகை மூலக்கூறுகள், உடைந்த பிணைப்புகளின் முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் நோக்கில் வடிவமைக்கப்பட்டவை. பிளீச் செய்யும்போதே கலந்து பயன்படுத்தினால் சேதம் குறைவதாகத் தொழிலில் உள்ளவர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் உதிர்ந்துபோன செதிலை அது திரும்ப வைக்காது, பிளந்த நுனியைச் சேர்க்காது. பிளீச் செய்யாத, சும்மா வறண்ட முடிக்கு அதை வாங்குவது வீண் செலவு.

15. கெரட்டின் ட்ரீட்மென்ட் முடிக்கு ஊட்டம்தானே? ஃபார்மலின் இல்லாதது என்று சொன்னார்கள்.

பெயரில்தான் கெரட்டின். நேராக்கும் வேலையைப் பலகாலம் செய்துவந்தது ஃபார்மால்டிஹைடு; அதைத் தண்ணீரில் கரைத்ததுதான் ஃபார்மலின். ஸ்ட்ரெயிட்னரின் சூட்டில் அது வாயுவாகக் கிளம்புகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயரில் இருந்தாலும் விளைவு அதுதான். கண் எரிந்தால், தொண்டை கமறினால், எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

ஃபார்மலின் இல்லை என்று விற்கப்படும் பலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அது சேர்ந்த களிம்பைப் போட்ட பிறகு சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் அண்மை ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் வெளியாகியுள்ளன. அந்த அமிலம் தோல் வழியே சென்று உடலில் ஆக்சலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாகத் தேங்குவதே காரணம் என்று விலங்குகளில் நடந்த சோதனை காட்டியது. தலைத்தோலில் புண்ணோ எரிச்சலோ இருப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் யோசித்துச் செய்வது நல்லது என்பதே என் கருத்து.

16. முட்டை, எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா?

முட்டையின் புரதம் தண்டுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது, கழுவியதும் போய்விடும். நீர்க்காத எலுமிச்சைச் சாறு மிகுந்த அமிலம், தலைத்தோலை எரிக்கும். பேக்கிங் சோடா காரத்தன்மை உடையது, செதில்களைத் தூக்கிவிடும். மூன்றில் மோசமானது அதுதான்.

17. நீச்சல் குளத்தில் இறங்கினால் முடி பச்சையாவது குளோரினாலா?

வெளுத்த முடியைப் பச்சையாக்குவது தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு. குளோரின் முடியை வறட்டும். பச்சை நிறம் அதன் வேலை அல்ல. இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் தலையை முழுக்க நனைத்து, கண்டிஷனர் பூசி, தொப்பி போட்டுக்கொண்டால், ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளத்து நீரைக் குறைவாகவே உறிஞ்சும். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இதேபோல் படிந்து முடியைச் சொரசொரப்பாக்கும். உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் இடிடிஏ சேர்ந்த ஷாம்பூவை மாதம் ஒன்றிரண்டு முறை போட்டால் அது குறையும்.

18. பயோட்டின் மாத்திரை போட்டால் சேதம் சரியாகுமா?

வெளியே வந்துவிட்ட தண்டை எந்த மாத்திரையும் எட்டாது. பயோட்டின் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பலன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை. மேலும், அதிக அளவு பயோட்டின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் அதில் அடங்கும். எடுத்துக்கொள்பவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

19. எல்லாவற்றையும் நிறுத்தியும் உடைகிறது, நெற்றி ஓரத்திலும் மெலிகிறது. யாரிடம் காட்டுவது?

தோல் மருத்துவரிடம். இரசாயனமும் சூடும் படாத முடி வேரருகிலேயே உடைந்தால் தைராய்டு, இரும்புச்சத்து, பூஞ்சைத் தொற்று போன்றவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். வட்டமாகச் சொட்டை விழுவது, தலைத்தோல் செதிலாக உரிவது, வலி, சீழ் ஆகியவை இருந்தால் தாமதிக்கவே கூடாது.

நெற்றியோரமும் காதுக்கு மேலும் மட்டும் மெலிந்தால், இழுத்துக் கட்டும் கொண்டை, இறுக்கமான பின்னல், ஒட்டுமுடி ஆகியவற்றின் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். கட்டியதும் தலை வலிக்கிறது, மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு பருக்கள் தோன்றுகின்றன என்றால் கட்டு இறுக்கம். இந்தக் கட்டத்தில் தளர்த்திவிட்டால் முடி திரும்ப வளரும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் மயிர்க்கால் இருந்த இடத்தில் தழும்பு விழுந்து, அங்கே முடி நிரந்தரமாக முளைக்காமல் போகிறது.